1 ஜிபி டெஸ்ட்டுன்னு சொல்லுது, நாலரை டிபி எப்படி ஏறுச்சு? வாசகர் கேள்வி பதில்

போன தடவை எஸ்எஸ்டி, அதான் ஃப்ளாஷ் மெமரியில டேட்டாவை வச்சிருக்கிற டிரைவ், அதை வாங்குறதைப் பத்தி எழுதினேன்ல, அதுக்கப்புறம் வந்த மெயில், வாட்ஸ்அப் எல்லாத்துலயும் ஒரே கேள்விதான் வேற வேற ரூபத்துல வந்திருக்கு. ஸ்பீடு டெஸ்ட் போட்டா டிரைவ் தேயுமா, தேயாதா, தேயும்னா எவ்வளவு. அதனால இந்தத் தடவை முழுசும் அதுக்கே.

கேள்வி: அண்ணே, நான் போலிடெக்னிக் ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். சிம் லிம் ஸ்குவேர்ல 1 டிபி என்விஎம்இ டிரைவ் (வேகமான எஸ்எஸ்டி வகை) வாங்கி லேப்டாப்புல போட்டேன், வாரண்டி 600 டிபிடபிள்யூன்னு, அதாவது மொத்தம் 600 டிபி எழுதுற வரைக்கும்னு போட்டிருக்கு. புதுசுங்கிற ஆசையில தினமும் ராத்திரி மூணு தடவை கிறிஸ்டல்டிஸ்க்மார்க்னு ஸ்பீடு டெஸ்ட் மென்பொருளை ஓட்டிப் பார்ப்பேன், டெஸ்ட் சைஸ் 1 ஜிபிதான். பத்து நாள் கழிச்சு டிரைவோட ஹெல்த்தைக் காட்டுற கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவ திறந்தா மொத்தமா எழுதின அளவு நாலரை டிபி கூடியிருக்கு, ஹெல்த்தும் 99 ஆயிடுச்சு. நான் பெருசா எதையும் காப்பி பண்ணல. டிரைவ் கோளாறா?
(மாணவர், ஜூரோங் வெஸ்ட்)

பதில்: கோளாறு இல்ல தம்பி. நாலரை டிபியையும் எழுதினது அந்த டெஸ்ட்தான். நீங்க மட்டுமில்ல, ரொம்ப பேர் தப்பாப் புரிஞ்சுக்கிற இடம் இது. 1 ஜிபிங்கிறது டெஸ்ட் ஃபைலோட அளவு, எழுதுற அளவு இல்ல. சிலேட்டு சின்னதுதான், ஆனா அதுல எத்தனை தடவை எழுதி அழிச்சு எழுதுறோங்கிறது தனிக் கணக்கு இல்லையா, அதே மாதிரிதான் இதுவும்.

கிறிஸ்டல்டிஸ்க்மார்க் உள்ளுக்குள்ள ஓட்டுறது மைக்ரோசாஃப்டோட டிஸ்க்எஸ்பிடிங்கிற கருவியை. அது இத்தனை ஜிபி எழுதுன்னு போகாது, 5 செகண்ட் விடாம எழுதுன்னு போகும். அந்த 5 செகண்டை 5 தடவை திருப்பித் திருப்பிப் பண்ணும், அப்ப ஒரு வரிசைக்கு 25 செகண்ட் எழுத்து. திரையில நாலு வரிசை இருக்குல்ல, இப்ப கணக்கு போடுங்க. முதல் வரிசையில உங்க டிரைவ் செகண்டுக்கு 3 ஜிபி எழுதுதுன்னு வச்சுக்குவோம், 25 செகண்டுக்கு 75 ஜிபி. ரெண்டாவது வரிசை ஒரு 2.4 ஜிபி வேகம்னா 60 ஜிபி. கீழ உள்ள 4கே ரேண்டம், அதாவது குட்டிக் குட்டித் துண்டா அங்கங்க எழுதுறது, அது ரெண்டும் வேகம் கம்மி, ரெண்டும் சேர்ந்து ஒரு 15 ஜிபி. ஆக ஒரு தடவை பட்டனை அமுக்கினா சுமார் 150 ஜிபி. ஒரு ராத்திரிக்கு மூணு, பத்து நாளைக்கு முப்பது, முப்பது தடவை 150 ஜிபின்னா நாலரை டிபி. உங்க கவுண்டர் சொன்னது சரிதான்.

இதுல இன்னொரு விஷயம் இருக்கு, டிரைவ் எவ்வளவு வேகமோ அந்த 25 செகண்டுல அவ்வளவு அதிகமா எழுதும். செகண்டுக்கு 6 ஜிபி எழுதுற வேகமான ஜென் 4 வகை டிரைவ் வச்சிருக்கிற உங்க நண்பர் இதே பட்டனை அமுக்கினா உங்களை விட ரெண்டு மடங்கு எழுதுவார். பழைய சாட்டா டிரைவ்ல செகண்டுக்கு 500 எம்பிதான், அதனால அதுல இதே டெஸ்ட் ரொம்ப லேசா முடிஞ்சிடும்.

இப்ப பயத்துக்கு வருவோம். நாலரை டிபிங்கிறது 600ல முக்கால் சதவீதம். அதுக்காக தூக்கத்தைக் கெடுத்துக்க வேணாம். ஆனா இதே பழக்கத்தை விடாம வச்சிருந்தா வருஷத்துக்கு 164 டிபி, மூணே முக்கா வருஷத்துக்குள்ள 600 முடிஞ்சிடும், அதுவும் நீங்க ஒரு அசைன்மென்ட் கூட சேவ் பண்ணாமலே. 600 முடிஞ்ச அன்னைக்கே டிரைவ் செத்துடாது, அது வாரண்டிக் கணக்கு, வருஷமோ டிபிடபிள்யூவோ எது முதல்ல வருதோ அதுல வாரண்டி போயிடும். தி டெக் ரிப்போர்ட்ங்கிற இணையதளம் 2013லேருந்து 2015 வரைக்கும் ஆறு எஸ்எஸ்டியை அது சாகுற வரைக்கும் எழுதி எழுதிப் பார்த்தாங்க, எல்லாம் 240லேருந்து 256 ஜிபி சைஸ்தான், முதல்ல போனதே 700 டிபி தாண்டித்தான் போச்சு, ரெண்டு டிரைவ் 2 பெட்டாபைட்டையே, அதாவது 2,000 டிபியையே தாண்டுச்சு. அதைக் காட்டி எல்லா டிரைவும் இப்படித்தான்னு சொல்லமாட்டேன், ஏன்னா இப்ப விலை குறைஞ்சு வர்ற க்யூஎல்சி டிரைவ்கள்ல டேட்டாவை வைக்கிற ஒரு குட்டி செல்லுக்குள்ள நாலு பிட்டைத் திணிக்கிறாங்க, அதுக்குத் தாங்குசக்தி கம்மி.

ஏன் தேயுதுன்னும் சொல்லிடுறேன். ஃப்ளாஷ் மெமரியில பேஜ் பேஜா எழுதலாம், ஆனா அழிக்கணும்னா நிறைய பேஜ் சேர்ந்த ஒரு பிளாக்கை மொத்தமாத்தான் அழிக்க முடியும். 1980கள்ல டோஷிபாவுல ஃபுஜியோ மசுவோக்கா இதைக் கண்டுபிடிச்சப்போ, அப்படி ஒரே அடியில அழியுறது கேமரா ஃப்ளாஷ் மாதிரி இருக்குன்னு கூட வேலை பார்த்தவர் சொல்லித்தான் ஃப்ளாஷ்னு பேரே வந்துச்சு. ஒவ்வொரு தடவை எழுதி அழிக்கும்போதும் செல்லுல எலக்ட்ரானைப் பிடிச்சு வைக்கிற மெல்லிசான ஆக்ஸைடு படலம் கொஞ்சம் கொஞ்சமா கெட்டுக்கிட்டே வரும், செல்லுக்கு மூணு பிட் வைக்கிற டிஎல்சின்னா ஆயிரத்துலேருந்து மூவாயிரம் தடவை வரைக்கும் தாங்கும்னு எடுத்துக்கலாம். படிக்கிறதுல இந்த அடி கிடையாது. ரொம்ப ரொம்ப தடவை ஒரே இடத்தைப் படிச்சா டிரைவுக்குள்ள எல்லாத்தையும் நிர்வகிக்கிற கண்ட்ரோலர் சிப் அந்த டேட்டாவை வேற இடத்துக்கு மாத்தி எழுதும், அது நம்ம கவலைப்படுற அளவு இல்ல.

அதனால தம்பி, மேல எத்தனை தடவைன்னு 5 இருக்குல்ல, அதை 1 ஆக்குங்க, 150 ஜிபி 30 ஜிபி ஆயிடும், நம்பர்ல பெரிய வித்தியாசம் வராது. படிக்கிற வேகம் மட்டும் போதும்னா மெனுவுல ரீட் மட்டும்னு வச்சுக்குங்க, அப்பவும் டெஸ்ட் ஃபைலை உருவாக்க ஒரு 1 ஜிபி எழுதும், அவ்வளவுதான். புதுசுல ஒரு தடவை ஓட்டி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அன்னைக்கு டிரைவ் எவ்வளவு நிரம்பியிருந்துச்சு, டெம்பரேச்சர் என்னன்னு கீழ எழுதி வச்சிடுங்க. அடுத்த தடவை ஓட்டுறதுக்கு ஒரு காரணம் இருக்கணும், ஃபர்ம்வேர் (டிரைவுக்குள்ளயே இருக்கிற மென்பொருள்) மாத்தினீங்க, வேற ஸ்லாட்டுல போட்டீங்க, திடீர்னு மெதுவாயிடுச்சு, இப்படி ஏதாவது. நேத்து 3,012 வந்துச்சு இன்னைக்கு 2,987 வருதேன்னு பார்க்குறதுக்காக ஓட்டாதீங்க, அந்த வித்தியாசம் டிரைவைப் பத்தி ஒண்ணுமே சொல்லாது, ரூம்ல ஏர்கான் ஓடுதா இல்லையாங்கிறதுக்கே அவ்வளவு மாறும்.

கேள்வி: என் நாலு வருஷ லேப்டாப் இப்ப ரொம்ப மெதுவா இருக்கு. எஸ்எஸ்டிதான் காரணமான்னு டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாம்னா, டெஸ்ட் பண்ணாலே ஆயுசு குறைஞ்சிடும், தொடாதீங்கன்னு மகன் சொல்றார். அதுலதான் கடைக் கணக்கு, பேரப்பிள்ளைங்க படம் எல்லாம் இருக்கு.
(கடை வச்சிருக்கிற ஒரு வாசகர், அங் மோ கியோ)

பதில்: ஐயா, மகன் அக்கறையாத்தான் சொல்றார், ஆனா பயந்துக்கிட்டு பார்க்காமலே விடுறதும் சரியில்ல. முதல்ல கடைக் கணக்கையும் படங்களையும் வேற ஒரு டிரைவ்ல காப்பி எடுத்துடுங்க. அது காப்பு மட்டுமில்ல, அதுவே ஒரு டெஸ்ட், எப்படின்னு சொல்றேன்.

ஸ்பீடு டெஸ்ட் மென்பொருள் எல்லாம் அப்பத்தான் புதுசா ஒரு ஃபைலை எழுதி அதையே படிச்சுப் பார்க்கும். உங்க சிக்கல் நாலு வருஷமா ஒரே இடத்துல கிடக்கிற பழைய ஃபைல்ல இருந்தா அதுக்கு எப்படித் தெரியும்? 2014ல சாம்சங் 840 ஈவோ டிரைவ்கள்ல இதேதான் நடந்துச்சு, புது ஃபைல் சர்ருன்னு படிக்கும், மாசக்கணக்குல தொடாம இருந்த ஃபைல் மட்டும் ஆமை மாதிரி போகும், அப்புறம் ஃபர்ம்வேர் கொடுத்துத்தான் சரி பண்ணாங்க. அதனால நீங்க பழைய படங்கள் இருக்கிற ஃபோல்டரை வெளி டிரைவுக்குக் காப்பி பண்ணும்போது விண்டோஸ் வேகத்தைக் காட்டுற அந்தப் பச்சைக் கோட்டைக் கவனிங்க. உங்க பழைய டிரைவ்ல இந்த வேலை வெறும் படிப்புதான், எழுத்து புது டிரைவுலதான் நடக்குது. பழைய ஃபைல் வரும்போது மட்டும் வேகம் படுத்துதுன்னா, இல்ல நடுவுல நின்னு நின்னு போகுதுன்னா விஷயம் அங்கதான் இருக்கு. ஒண்ணு மட்டும், ஆயிரக்கணக்குல குட்டிக் குட்டி ஃபைலா இருந்தா எந்த டிரைவும் மெதுவாத்தான் போகும், பெரிய வீடியோ ஃபைல் வரும்போது பாருங்க.

அப்புறம் டிரைவ் எவ்வளவு நிரம்பியிருக்குன்னு பாருங்க. நல்லா நிரம்பிட்டா புதுசா எழுத காலி பிளாக் கிடைக்காம கண்ட்ரோலர் பழசை இங்கேருந்து அங்க நகர்த்தி இடம் பண்ண வேண்டியிருக்கும், நீங்க ஒரு ஜிபி எழுதினா உள்ளுக்குள்ள ரெண்டு மூணு ஜிபி எழுதும், அதனால வேகமும் போகும் தேய்மானமும் கூடும். கால்வாசி இடத்தைக் காலி பண்ணிட்டு விண்டோஸ்ல டிரைவ் ஆப்டிமைஸ்னு இருக்கிறதை ஒரு தடவை அமுக்குங்க, எஸ்எஸ்டிக்கு அது டிரிம் அனுப்பும், எந்த இடமெல்லாம் இனிமே வேணாம்னு டிரைவுக்குச் சொல்ற வேலை அது. இதுக்கெல்லாம் டெஸ்ட் மென்பொருளே வேணாம்.

மதியம் ஒரு மணிக்கு ஏர்கான் இல்லாத ரூம்ல மடியில தலையணை வச்சு அதுமேல லேப்டாப்பை வைக்கிற பழக்கம் இருந்தா அதையும் மாத்திப் பாருங்க. நம்ம சிங்கப்பூர்ல ரூமே 31, 32 டிகிரி இருக்கும், டிரைவ் சூடு 70ஐத் தாண்டிப் போனா பல டிரைவ்கள் தானா வேகத்தைக் குறைச்சுக்கும்.

கேள்வி: நான் கல்யாண வீடியோ எடிட் பண்றவ. மேக்புக்ல பிளாக்மேஜிக் டிஸ்க் ஸ்பீடு டெஸ்ட்ங்கிற மென்பொருளைப் போட்டுட்டு சாப்பிடப் போயிட்டேன், திரும்பி வந்து பார்த்தா இன்னும் ஓடிக்கிட்டே இருக்கு. அது தானா நிக்காதா?
(வாசகி, பொங்கோல்)

பதில்: நிக்காதும்மா, நீங்களா நிறுத்தணும். எழுதும், படிக்கும், மறுபடி எழுதும், அப்படியே சுத்திக்கிட்டே இருக்கும். செகண்டுக்கு 2 ஜிபி எழுதுற மேக்னு வச்சு, பாதி நேரம் எழுத்து பாதி நேரம் படிப்புன்னு கணக்குப் பண்ணா ஒரு மணி நேரத்துக்கு சுமார் 3.6 டிபி, சூடாகி வேகம் குறைஞ்சா அதைவிடக் கம்மி. ஒரு சாப்பாட்டு நேரத்துக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா ராத்திரி பூரா விட்டுடாதீங்க, ஏன்னா மேக்புக்ல ஸ்டோரேஜ் போர்டோட சேர்த்து பத்த வச்சிருக்கும், தேய்ஞ்சா அதை மட்டும் கழட்டி மாத்துற வேலை நடக்காது. உங்களுக்குத் தெரிய வேண்டியது 4கே ஃபுட்டேஜ் தடங்கல் இல்லாம ஓடுமாங்கிறதுதான், அதுக்கு ரெண்டு சுத்து பார்த்தாலே போதும். இன்னும் நல்ல வழி, எடிட் பண்ண வேண்டிய ஃபுட்டேஜையே கார்டுலேருந்து காப்பி பண்ணும்போது நேரத்தைக் குறிச்சுக்குங்க, எப்படியும் எழுதப் போற டேட்டாதானே, அதுல தனியா தேய்மானமே இல்ல.

வெளி டிரைவ் வாங்கும்போது மட்டும் இதைக் கவனிங்க. க்யூஎல்சி டிரைவ்ல முன்னாடி கொஞ்ச இடத்தை எஸ்எல்சி கேஷ் மாதிரி, அதாவது செல்லுக்கு ஒரே பிட் போடுற தற்காலிக இடமா வச்சுக்கிட்டு அதுல வேகமா வாங்கிக்கும், அது நிரம்பினதும் நிஜ வேகம் வெளிய வரும். சாம்சங் 870 க்யூவிஓ 1 டிபியில 42 ஜிபி வரைக்கும்தான் அந்த வேகம், அதுக்கப்புறம் செகண்டுக்கு 80 எம்பின்னு அவங்க விவரப் பட்டியல்லயே போட்டிருக்காங்க. 5 ஜிபி ஃபைல் டெஸ்ட்டுல அந்த நிஜ வேகம் தெரியவே தெரியாது. ஒரு கல்யாணத்துக்கு 200 ஜிபி ஃபுட்டேஜ் வரும்னா வாங்குறதுக்கு முன்னாடி அந்தப் பட்டியலைப் படிச்சுடுங்க, ஒரு பைட் கூட எழுதாமலே பதில் கிடைச்சிடும்.

கேள்வி: ஆன்லைன்ல 4 டிபி கையடக்க எஸ்எஸ்டி ரொம்ப மலிவா கிடைச்சுச்சு. ஸ்பீடு டெஸ்ட் ஓடுது, 4 டிபின்னு காட்டுது. இதை நம்பி படத்தையெல்லாம் போடலாமா?
(வாசகர், உட்லண்ட்ஸ்)

பதில்: போடாதீங்க, முதல்ல முழுசா எழுதிப் பாருங்க. ஆமா, இவ்வளவு நேரம் எழுதாதீங்க எழுதாதீங்கன்னு சொன்ன நானேதான் சொல்றேன், தேய்மானத்தைப் பார்க்கக் கூடாத இடம் இது. போலி டிரைவ்ல உள்ள இருக்கிறது ஒரு சின்ன மெமரி கார்டா இருக்கும், ஆனா கம்ப்யூட்டர்கிட்ட 4 டிபின்னு பொய் சொல்லும். 1 ஜிபி டெஸ்ட் ஃபைல் அந்தச் சின்ன இடத்துக்குள்ளயே அடங்கிடும், அதனால டெஸ்ட் நல்லபடியா ஓடும். நிஜ இடம் தீர்ந்த பிறகு போடுற படம் எல்லாம் பேர் மட்டும் தெரியும், திறந்தா ஒண்ணும் இருக்காது. பிள்ளையோட முதல் பிறந்தநாள் படத்தை இப்படித் தொலைச்சிட்டு வந்தவங்களை நான் பார்த்திருக்கேன், மீட்கவே முடியாது, ஏன்னா அது எழுதப்படவே இல்ல.

விண்டோஸ்ல எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸ்லயும் மேக்லயும் எஃப்3, ரெண்டும் இலவசம். காலி டிரைவை முழுசா நிரப்பி, எழுதினதை அப்படியே திருப்பிப் படிச்சு சரியா இருக்கான்னு பார்க்கும். நிஜமான 4 டிபி டிரைவா இருந்தா அதுக்கு ஆகுற செலவு ஒரே ஒரு முழு எழுத்துதான், ஆயிரத்துல ஒண்ணு. யூஎஸ்பியில செகண்டுக்கு 400 எம்பி போனா எழுத மட்டும் மூணு மணி நேரத்துக்குக் கிட்ட ஆகும், படிக்க அதே அளவு. வேகம் 20, 30 எம்பியிலயே கிடந்தா அதுவே கெட்ட சகுனம், முழுசும் காத்திருக்க வேணாம்.

திருப்பிக் கொடுக்கிற நாள் முடியுறதுக்குள்ள இதைப் பண்ணுங்க. வித்தது சிங்கப்பூர் கடைன்னா 2012 செப்டம்பர் 1லேருந்து எலுமிச்சைச் சட்டம் இருக்கு, வாங்கி ஆறு மாசத்துக்குள்ள குறை தெரிஞ்சா அது வாங்கும்போதே இருந்த குறைன்னுதான் எடுத்துக்குவாங்க, இல்லைன்னு நிரூபிக்க வேண்டியது கடைக்காரர் பொறுப்பு. டெஸ்ட் ரிப்போர்ட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்குங்க.

கேள்வி: வணக்கம் சார், நான் சாங்கி பக்கம் ஒரு கம்பெனியில சர்வர் பார்க்குறேன். டேட்டாபேஸுக்கு எட்டு என்விஎம்இ டிரைவ் வாங்கப் போறோம். எஃப்ஐஓங்கிற டெஸ்ட் கருவியைப் போட்டு ஒவ்வொண்ணையும் முழுசா நிரப்பி டெஸ்ட் பண்ணணும்னு மேனேஜர் சொல்றார். புது டிரைவை இப்படிப் போட்டு அடிக்கணுமா?
(வாசகர், தெம்பனிஸ்)

பதில்: உங்க மேனேஜர் சொல்றதுல பாதி நியாயம் இருக்கு. புது டிரைவ் பெட்டியிலேருந்து எடுத்த உடனே காட்டுற வேகம் பொய் வேகம்தான், எல்லா பிளாக்கும் காலியா இருக்கும்ல. ஸ்டோரேஜ் துறை நிறுவனங்களோட சங்கமான எஸ்என்ஐஏ வெளியிட்ட டெஸ்ட் முறையே அதான் சொல்லுது, முதல்ல டிரைவை சுத்தமா அழிக்கணும், அப்புறம் அதோட கொள்ளளவுக்கு ரெண்டு மடங்கு வரிசையா எழுதணும், அதுக்கு மேல வேகம் ஏறி இறங்காம ஒரு நிலைக்கு வர்ற வரைக்கும் ஓட்டி, அந்த நிலையில வர்ற நம்பரைத்தான் எடுத்துக்கணும். வாங்குற முடிவு இந்த நம்பரை வச்சுத்தான்னா அந்தத் தேய்மானம் வீண் இல்ல. ஆனா எட்டையும் ஏன் அடிக்கணும்? ஒரே மாடல், ஒரே ஃபர்ம்வேர்னா ஒண்ணை எடுத்து முழு டெஸ்ட் போடுங்க, மீதி ஏழுக்கும் படிக்கிற டெஸ்ட்டும், டிரைவ் தன் ஹெல்த்தைத் தானே குறிச்சு வைக்கிற ஸ்மார்ட் விவரமும் போதும்.

அதுக்கும் முன்னாடி, இப்ப ஓடுற சர்வர்ல டிரைவ் சுமையை அளக்குற ஐஓஸ்டாட் கருவியை ஒரு வாரம் போட்டு வைங்க, எவ்வளவு படிக்குது, எவ்வளவு எழுதுது, எந்த சைஸ்லன்னு. நிறைய பேர் இதைப் பார்க்காமலே முழுக்க முழுக்க 4கே ரேண்டம் எழுத்தை மணிக்கணக்கா ஓட்டுவாங்க, டிரைவை அதிகமா தேய்க்கிற டெஸ்ட்டும் அதுதான், அவங்க டேட்டாபேஸ்ல அப்படி ஒரு சுமை வரவே வராது.

படிக்கிற டெஸ்ட்டுல ரெண்டு இடத்துல ஏமாந்துடக் கூடாது. மெமரியைத் தவிர்த்து நேரா டிரைவுக்கே போகச் சொல்ற டைரக்ட் சுவிட்சைப் போடாம ஓட்டினா ரெண்டாவது தடவை டேட்டா மெமரியிலேருந்தே வந்துடும், டிரைவைத் தொடவே தொடாது. அதே மாதிரி காலி டிரைவையோ டிரிம் பண்ணின இடத்தையோ படிச்சீங்கன்னா, கண்ட்ரோலர் ஃப்ளாஷ் பக்கமே போகாம சும்மா சைபரா அள்ளிக் கொடுக்கும், நம்பர் ஆகாயத்துல நிக்கும். அதனால படிக்கப் போற அளவுக்கு ஒரே ஒரு தடவை டேட்டாவை எழுதி வச்சுட்டு, அதையே எத்தனை தடவை வேணும்னாலும் படிச்சுக்குங்க.

இதை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்குறேன், எஃப்ஐஓவுல டிரைவ் பேரை நேரடியா கொடுத்து எழுத்து டெஸ்ட் போட்டா ஃபைல் சிஸ்டத்து மேலயே எழுதிடும், பல நேரம் கேள்வியே கேக்காது. படிக்கிற டெஸ்ட்டுன்னா ரீட்ஒன்லி சுவிட்சைச் சேர்த்தே டைப் பண்ணுங்க, எழுத்து டெஸ்ட்டுன்னா டிரைவோட சீரியல் நம்பரை ஸ்டிக்கர்லயும் திரையிலயும் ரெண்டு தடவை ஒத்துப் பாருங்க, ரீபூட் பண்ணா டிரைவ் பேர் இடம் மாறிடலாம்.

டெஸ்ட்டுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஸ்மார்ட் விவரத்தைக் காட்டுற ஸ்மார்ட்மான்டூல்ஸ்ல டேட்டா யூனிட்ஸ் ரிட்டன்னு (எழுதின அளவு) வர்ற எண்ணைக் குறிச்சுக்குங்க, ஒரு யூனிட்டுன்னா 5,12,000 பைட், கழிச்சுப் பெருக்கினா டெஸ்ட் எவ்வளவு எழுதுச்சுன்னு தெரிஞ்சிடும். முழு டெஸ்ட் போட்ட அந்த ஒரு டிரைவை மறுபடி சுத்தமா அழிச்சுட்டு, அந்த எண்ணையும் தேதியையும் சின்ன ஸ்டிக்கர்ல எழுதி அதோட டிரே மேல ஒட்டி விட்டுடுங்க, பின்னாடி உங்க இடத்துக்கு வர்றவர் மத்த ஏழையும் அதையும் பக்கத்துல வச்சுப் பார்க்கும்போது எழுதின கணக்குல அது மட்டும் ஏன் கொஞ்சம் முன்னால நிக்குதுன்னு தலையைப் பிச்சுக்க மாட்டார்.